நற்போசணையாக்கம்: வாவிக்கு நாம் போடும் சாப்பாடு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் சீனி வருத்தம், பிரசர், மூட்டு நோ என்று எதையாவது பேசுவார், நாமும் கைப்பையில் இருக்கும் றிப்போட்டை இறுதியில் காட்டிவிடலாம் என்று சிலர் வந்திருப்பீர்கள். சங்கச் செயலாளரும் ‘பெண்களும் சுகாதாரமும்’ என்றுதான் தலைப்புத் தந்தார். அதை நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். இன்றைக்கு நான் பேசப்போகும் நோயாளிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள். நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். நம் ஒவ்வொருவரையும் சிறுவயதிலிருந்து தெரிந்தவர். நமது வாவி.

உயர்தரத்தில் விலங்கியலும் தாவரவியலும் படித்தவர்களுக்கு ஒரு சொல் ஞாபகம் இருக்கும்: நற்போசணையாக்கம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன சொற்களில் ஒன்று. நீர்நிலையில் நைதரசனும் பொசுபரசும் அளவுக்கு மேல் சேர்ந்து, பாசி பெருகி, ஒட்சிசன் குறைந்து, மீன் இறப்பது வரைக்கும் உள்ள முழுக் கதைக்கும் அந்த ஒரு சொல்தான் பெயர். வகுப்பில் யாரோ ஒருத்தி, “மிஸ், மீன் சாகிற விடயத்துக்கு ஏன் ‘நல்ல போசணை’ என்று பெயர் வைத்தார்கள்?” என்று கேட்டாள். மிஸ் சிரித்துவிட்டு, கிரேக்கச் சொல்லிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார். இத்தனை வருடம் குழந்தை நல வைத்தியராக வேலை செய்த பிறகு எனக்கு அந்தப் பெயர் மிகவும் பொருத்தமானதாகவே படுகிறது. வாவிக்கு வந்திருப்பது பட்டினியால் வந்த வருத்தம் அல்ல, நஞ்சு குடித்ததால் வந்ததும் அல்ல. சாப்பாடு கூடியதால் வந்த வருத்தம். சீனி வருத்தத்தைப் போல. சீனி நஞ்சில்லை. ஆனால் இரத்தத்தில் தங்கிவிட்டால் கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலை எடுக்க வைக்கும்.

இந்தச் சாப்பாட்டை யார் போடுகிறார்கள், அது ஏன் வாவிக்குள் தங்குகிறது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் வாவியின் ஒரு வருடத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து வந்திருப்பவர்களுக்கு இது பழைய பாடம்தான், இருந்தாலும் சொல்கிறேன். நமது வாவிக்குக் கடலோடு இரண்டு வாசல்கள். வடக்கே பாலமீன்மடுவில் வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் மற்றது. மாரியில் மேற்கிலிருந்து ஆறுகளும், குளங்களின் வான் பாய்ந்து வரும் தண்ணீரும், கல்லோயாத் திட்டத்து வயல்களின் வடிகால்களும் வந்து கொட்டும். வாவி நன்னீராகும். முகத்துவாரத்தின் மணல் திட்டு உடையும், அல்லது உடைக்கப்படும். மழை ஓய்ந்ததும் கடல் உள்ளே வரும், தண்ணீர் உவர்ப்பாகும். பிறகு அலை மணலைக் கொண்டுவந்து வாசலை அடைக்கத் தொடங்கும். கோடையில் கச்சான் காற்று வீசும் காலத்தில் வாவி கிட்டத்தட்ட மூடிய சட்டி. வெயிலில் ஆவியாகிக்கொண்டு அப்படியே கிடக்கும். கிழக்குக் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் வாசல் திறந்திருக்கும்போதுகூட கடல் உள்ளே வந்து கழுவிக்கொண்டு போகும் அளவு சிறியது. பெரும்பாலான இடங்களில் ஆழமும் ஒரு ஆள் அளவுதான். ஆழமில்லாத, வெப்பமான, அசையாத தண்ணீர். பாசிக்கு இதைவிட நல்ல மெத்தை கிடையாது.

மெத்தை மட்டும் இருந்தால் போதாது, சாப்பாடும் வேண்டும். கடல் அல்கா ஒன்று உடலைக் கட்டுவதற்கு ஒரு பொசுபரசு அணுவுக்கு ஏறக்குறைய 16 நைதரசன் அணுக்களும் 106 காபன் அணுக்களும் எடுக்கிறது. இது பழைய கணக்கு, உலகமெங்கும் பாவிக்கிறார்கள். காபன் காற்றிலிருந்து தாராளமாகக் கிடைக்கும். ஆகவே மற்ற இரண்டும் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுக்குத்தான் பாசி வளரும். இதிலிருந்து கணக்குப் பார்த்தால், 1 கிலோ பொசுபரசு உலர்ந்த நிறையில் 100 கிலோ அளவு பாசியை வளர்த்துவிடும். ஈரத்தோடு நிறுத்தால் ஒரு தொன்னை எட்டும். நன்னீரில் பெரும்பாலும் பொசுபரசுதான் கடிவாளம், உவர்நீரில் பெரும்பாலும் நைதரசன். நமது வாவி ஆறு மாதம் அதுவும் ஆறு மாதம் இதுவுமாக இருப்பதால் இரண்டையும் கவனிக்க வேண்டிய தலைவிதி.

சாப்பாடு கூடும்போது ஒரு ஒழுங்கில் மாற்றம் நடக்கும். சுத்தமான வாவியில் அடித்தளத்தில் கடற்புற்கள் நிற்கும். அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும், வேரால் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், இறால் குஞ்சுக்கும் ஒட்டி மீனுக்கும் அதுதான் பள்ளிக்கூடம். போசணை கூடியதும் நூல் போன்ற, தாள் போன்ற பச்சைப் பாசிகள் வேகமாக வளர்ந்து மேலே போர்த்துக்கொள்ளும். கீழே இருக்கும் புல் இருட்டில் சாகும். இன்னும் கூடினால் கண்ணுக்குத் தெரியாத மிதவை அல்காக்கள் தண்ணீரையே பச்சையாக்கிவிடும். கொழும்புக்குப் போகிறவர்கள் பேர வாவியின் நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வரிசையின் கடைசிப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நமது வாவியின் நீரையும் மிதவை உயிர்களையும் பருவத்துக்குப் பருவம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் சிலரும் அந்த வேலையில் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்ல எனக்குச் சந்தோஷம்.

எல்லாப் பாசியும் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் ஏகார் கடற்பாசியிலிருந்து வருவது. நமது நாட்டுக் கஞ்சிப்பாசி ஒரு காலத்தில் ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் கரையொதுங்கும் சாதாளையைப் புகையிலைத் தோட்டத்துக்கு எருவாகத் தாழ்ப்பார்கள். கடலில் சேர்ந்த போசணை திரும்ப நிலத்துக்குப் போக அதைவிட நல்ல வழி இல்லை. நான் இங்கே சொல்வது அளவுக்கு மேல் வளர்ந்து, அள்ள ஆளில்லாமல், அழுகும் பாசியைப் பற்றி.

பகலில் பாசி ஒட்சிசனை வெளிவிடும், அதனால் மத்தியானம் அளந்தால் தண்ணீர் மிக நன்றாக இருக்கிறது என்றே காட்டும். இரவில் அதே பாசி ஒட்சிசனை எடுக்கும். விடியப்புறம் நாலு ஐந்து மணிக்குத்தான் தண்ணீரின் உண்மையான நிலை தெரியும். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீனும் நண்டும் தாக்குப்பிடிக்காது. அதிகாலையில் தோணி விடுகிற ஐயாமார், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்று சொல்வது இதைத்தான். ஐ.சி.யூ.வில் மூச்சுத் திணறும் பிள்ளையைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அந்தக் காட்சி வேறு மாதிரித் தெரியும். பாசி செத்து அடியில் விழுந்ததும் பக்ரீரியாக்கள் அதை உடைக்க மிச்ச ஒட்சிசனையும் எடுத்துவிடும். ஒட்சிசன் முடிந்ததும் வேறு வகைப் பக்ரீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றைப் பாவிக்கத் தொடங்கும். அதன் கழிவுதான் ஐதரசன் சல்பைட். கறுப்புச் சேறு, அழுகிய முட்டை மணம். 2008 இல் வெளியான ஓர் உலகளாவிய கணக்கெடுப்பு, இப்படி ஒட்சிசன் அற்றுப்போகும் கரையோர நீர்ப்பரப்புகள் 400 க்கு மேல் என்று சொன்னது.

இந்த வாயுவைப் பற்றி வைத்தியராக ஒரு வார்த்தை. பிரான்ஸின் பிறிற்றனி கடற்கரையில் பல ஆண்டுகளாகப் பச்சைப் பாசி குவிந்து அழுகுகிறது. காரணம் மேல்நிலத்தில் உள்ள பன்றி, கோழிப் பண்ணைகளின் எருவும் பசளையும். 2009 ஜூலையில் அங்கே அழுகிய பாசிச் சேற்றில் புதைந்த ஒரு குதிரை செத்தது, அதை ஓட்டிச் சென்றவர் மயங்கி விழுந்து உயிர் பிழைத்தார். 2011 இல் ஒரு ஆற்று முகத்துவாரத்தில் 36 காட்டுப் பன்றிகள் செத்துக் கிடந்தன. ஐதரசன் சல்பைட்டின் பொல்லாத குணம் என்னவென்றால், செறிவு கூடியதும் மூக்கு மரத்துவிடும். மணம் போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து. நமது திறந்த, காற்றுள்ள கரையில் அந்த அளவுக்கு வருவது கடினம். ஆனால் இதே வாயுதான் மலசலகூடக் குழி துப்புரவு செய்ய இறங்கும் தொழிலாளியைக் கொல்கிறது. குழிக்குள் ஆளை இறக்க எவரும் சம்மதிக்கக் கூடாது. கூலி அதிகம் கேட்டால் பவுசரைக் கூப்பிடுங்கள், ஆளை இறக்காதீர்கள்.

குழி என்று வந்துவிட்டது. அங்கேதான் நான் வர நினைத்தேன். இனிமேல் சிலருக்கு முகம் சுழிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாவியில் பாசி பிடித்தால் நகரத்தில் இருக்கும் நாம் உடனே சொல்வது, “படுவான்கரையார் வயலுக்குக் கண்டபடி யூரியா அடிக்கிறார்கள்” என்பதுதான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1962 இல் நாட்டில் பசளை மானியம் தொடங்கியது. 2005 க்குப் பிறகு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்த காலமும் இருந்தது. அந்த விலைக்குக் கிடைத்தால் யாரும் அளந்து போடமாட்டார்கள். வெள்ளம் நிற்கும் வயலில் போட்ட யூரியாவில் பாதிகூடப் பயிருக்குப் போவதில்லை. மிச்சம் காற்றுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. போட்ட அடுத்த நாள் வக்கடையைத் திறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

2021 இல் நடந்ததை எல்லோரும் அறிவோம். இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. விவசாயி தெருவுக்கு வந்தார். நவம்பரில் தடை எடுக்கப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் நம் மாவட்டத்து வட்டைகளில் வேளாண்மை எப்படிப் போனது என்று உங்கள் உறவினர்களைக் கேட்டாலே தெரியும். பசளை கூடியதற்கு மருந்து பசளையை வெட்டுவது என்று நினைத்தார்கள். சீனி வருத்தக்காரருக்குச் சோற்றையே நிறுத்துகிற வைத்தியம் அது. செய்திருக்க வேண்டியது வேறு. யூரியாவை மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடுவது, இலையின் பச்சையை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் போடுவது, போட்டபின் சில நாட்களுக்கு வக்கடையைக் கட்டி வைப்பது. இவற்றால் விளைச்சல் குறையாது, செலவுதான் குறையும். இதை ஒரு கட்டளையால் செய்ய முடியாது. வட்டவிதானைமாரோடு உட்கார்ந்து பேசித்தான் செய்ய முடியும்.

சரி, வயலின் கணக்கு அது. எழுவான்கரையின் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் ஒரு வருடத்தில் கழிவாக வெளியேற்றும் நைதரசன் ஏறக்குறைய 4 கிலோ. அதில் பெரும்பகுதி சிறுநீரில். பொசுபரசு அரைக் கிலோ அளவு. 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் உள்ள நைதரசன் 23 கிலோ. ஆகவே ஐந்து பேர் உள்ள ஒரு வீடு வருடத்துக்கு ஒரு மூடை யூரியாவுக்குச் சற்றுக் குறைவாகத் தன் குழிக்குள் போடுகிறது. கணக்குக்கு ஒரு இலட்சம் பேர் என்று எடுங்கள். வாவியைச் சுற்றியுள்ள நகரங்களில் அதைவிட அதிகம்பேர் இருக்கிறோம். 400 தொன் நைதரசன். மூடைக் கணக்கில் 17,000 க்கு மேல். இவ்வளவு மூடையை லொறியில் ஏற்றிக்கொண்டு போய் யாராவது கல்லடிப் பாலத்தடியில் கொட்டினால் நாம் விடுவோமா?

எல்லாம் வாவிக்குள் போவதில்லை, ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே வாயுவாக மாறிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நமது மண் எப்படிப்பட்டது? கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மெல்லிய ஒரு மணல் கீற்று. நமது வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பது அடி கட்டாத உறிஞ்சுகுழி. குழிக்குக் கீழே சில அடியில் தண்ணீர் மட்டம், மாரியில் குழிக்குள்ளேயே தண்ணீர் மட்டம். மணல் கிருமியை ஓரளவு வடிக்கும், பொசுபரசைச் சிறிது காலம் பிடித்து வைக்கும். நைத்திரேற்றை அது பிடிப்பதே இல்லை. அது தண்ணீரோடு கரைந்து ஒரு பக்கம் கிணற்றுக்கும் மற்றப் பக்கம் வாவிக்கும் நடந்துபோகும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்று பீ.எச்.ஐ. சொல்லும் விதி கிருமிக்கானது. நைத்திரேற்றுக்கு அந்த 50 அடி ஒரு தடையே இல்லை. அதுவும் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து ஐந்து பேர்ச், ஆறு பேர்ச்சாகிய பிறகு 50 அடிக்கு எங்கே போவது?

குழந்தை வைத்தியராக எனக்கு இங்கே நேரடியான அக்கறை ஒன்று இருக்கிறது. 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர், கிணற்று நீரில் கரைத்த பால்மாவைக் குடித்த பச்சைக் குழந்தைகள் நீலமாவதைக் கண்டு எழுதினார். நைத்திரேற்று குழந்தையின் உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நம் தாய்மார் தாய்ப்பால் கொடுப்பதால் இந்த நோயை நான் அடிக்கடி காண்பதில்லை. தாய்ப்பால் வழியாக நைத்திரேற்று பெரிதாகப் போவதில்லை. ஆனால் ஏதோ காரணத்தால் பால்மா கொடுக்க வேண்டிய ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு, “நன்றாகக் கொதிக்கவைத்த கிணற்றுத் தண்ணீர்தான் மிஸ்” என்று அம்மா பெருமையோடு சொல்லும்போது எனக்குத் திக்கென்றிருக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். அந்தப் பிள்ளைக்குக் குழாய்நீர் வேண்டும், அல்லது பரிசோதித்த நீர் வேண்டும். இதை இங்கே இருக்கும் அம்மம்மாமார் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்குச் சொல்லப்போவது நீங்கள்தான்.

இன்னொரு விடயமும் உண்டு. கச்சான் மேற்கிலிருந்து வீசும். அதனால் மிதக்கும் பாசியும் ஆற்றுவாழையும் எழுவான்கரையில்தான் வந்து ஒதுங்கும். நம் வாசலில் வந்து ஒதுங்குவதால் அக்கரையார் அனுப்பியது என்று நினைக்கிறோம். காற்று முகவரி பார்த்துக் கொண்டுவருவதில்லை. ஆற்றுவாழை பற்றிக் கேட்கிறீர்களா? அது இந்த நாட்டுக்கு அலங்காரச் செடியாக வந்த விருந்தாளி. வந்து சில ஆண்டுகளிலேயே, 1909 இல், அதை அடக்க ஒரு சட்டம் போட்டார்கள். செடிக்குச் சட்டம் வாசிக்கத் தெரியவில்லை. வெள்ளத்தோடு குளங்களிலிருந்து வாவிக்குள் வரும். உப்பு ஏறியதும் செத்து, தான் தின்ற போசணை முழுவதையும் திரும்ப நீருக்கே கொடுக்கும். சாகமுன் அள்ளிக் கரையில் போட்டால் மட்டுமே பலன்.

நெல் ஆலைக் கழிவு, பழைய இறால் பண்ணைகள், போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று வெட்டப்பட்ட கண்ணாக் காடுகள், தண்ணீர் ஓட்டத்தைக் குறுக்கும் தாம்போதிகள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நேரம் கருதி விடுகிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. முகத்துவாரம்.

ஒவ்வொரு மாரியிலும் கச்சேரியில் கூட்டம் நடக்கும். வயல் வெள்ளத்தில் நிற்கிறது, வெட்டுங்கள் என்பார் விவசாயி. அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்பார் மீனவர். இரண்டு பேரும் தங்கள் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார்கள், இரண்டும் நியாயம். அண்மைக் காலமாக மூன்றாவதாக ஒரு குரல் கேட்கிறது: முகத்துவாரத்தைப் பெரிதாக, நிரந்தரமாகத் திறந்துவிட்டால் பாசிப் பிரச்சினையே தீர்ந்துவிடும் என்று. இந்தக் குரல் பெரும்பாலும் நம்மைப் போன்ற நகரத்தாருடையது. இதற்கு இரண்டு ஊர்களின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒடிசாவில் சிலிக்கா ஏரி. நமது வாவியைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் குணம் ஒன்றுதான். மணல் சேர்ந்து வாசல் அடைபட்டு, உப்புக் குறைந்து, நன்னீர்க் களைகள் மூடி, மீன்பிடி விழுந்துபோனது. 2000 செப்டெம்பரில் புதிய முகத்துவாரம் ஒன்றை வெட்டினார்கள். உப்பு ஏறியது, களை குறைந்தது, மீன்பிடி சில ஆண்டுகளிலேயே பல மடங்கானது. ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலில் இருந்த சிலிக்காவை 2002 இல் அதிலிருந்து எடுத்தார்கள். ஆகவே வாசல் முக்கியம், மறுக்க முடியாது. சிலிக்காவின் முதல் வருத்தம் அடைப்பு. அடைப்பை எடுத்ததும் சுகமானது.

மற்றது மேற்கு அவுஸ்திரேலியாவில், பேர்த் நகருக்குத் தெற்கே, பீல்–ஹார்வி முகத்துவாரம். அந்தப் பக்கம் இருக்கும் அக்காமார் மண்டூராவுக்கு நண்டு பிடிக்கப் போயிருப்பீர்கள். அங்கேயும் நம்மைப் போல மணல் நிலம். விவசாயத்துக்குப் போட்ட சுப்பர்பொசுபேற்று மணலால் கழுவப்பட்டு நீருக்குள் வந்து, 1960களிலிருந்து பச்சைப் பாசி கரையில் மலைமலையாக அழுகியது. இயந்திரம் வைத்து அள்ளினார்கள். பிறகு நீலப்பச்சை அல்கா தண்ணீரையே மூடியது. கடைசியில் 1994 இல் கடலுக்கு ஒரு புதிய கால்வாய் வெட்டினார்கள். டோஸ்வில் கால்வாய், இரண்டரைக் கிலோமீற்றர் நீளம். முகத்துவாரத்தின் நடுப்பகுதி தெளிந்தது. ஆனால் மேலிருந்து வரும் போசணை குறையவில்லை. அதனால் கடல்நீர் எட்டாத ஆற்றுப் பகுதிகளில் அல்காவும் மீன் சாவும் தொடர்ந்தன. ஏற்றவற்றம் கூடியதால் உவர்ச் சதுப்பில் நுளம்பு பெருகி, நுளம்பால் வரும் வைரஸ் காய்ச்சல் பற்றிய கவலையும் சேர்ந்தது. டெங்கு வாட்டில் கட்டில் போதாமல் நிற்கிற எனக்கு அந்தக் கடைசி வரி சும்மா வாசித்துவிட்டுப் போகும் வரி அல்ல.

நமது வாவி இவ்விரண்டில் எது? எனக்குப் படுவது, நாம் மண்டூராவுக்குக் கிட்ட. நமக்கு வாசல் ஒவ்வொரு மாரியும் திறக்கத்தான் செய்கிறது. திறந்து கழுவிய பிறகும் கோடையில் பச்சை திரும்ப வருகிறதென்றால், அது கிணற்று வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் வருடம் முழுக்க நாம் ஊட்டிக்கொண்டிருப்பதால்தான். பன்னிரண்டு மாதமும் சீனித் தண்ணீர் குடித்துவிட்டு, வருடத்துக்கு ஒரு முறை இரத்தம் மாற்றினால் போதும் என்று ஒரு நோயாளி சொன்னால் நான் என்ன செய்வேன்? அதுவும் நமது சிறிய ஏற்றவற்றத்துக்கு, தெற்கே பட்டிருப்பு வரைக்கும், மண்முனை வரைக்கும் வடக்கு வாசலின் கழுவல் எட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால்தான் இந்தப் பேச்சைப் பழைய மாணவிகளிடம் வைக்கிறேன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து நீங்கள் அனுப்பும் காசில் இந்தக் கரையில் வீடுகள் எழும்புகின்றன. அறைக்கு அறை குளியலறை. வாவியைப் பார்த்த விருந்தினர் விடுதிகள். மாபிளும் ஏசியும் எந்தக் கம்பனி என்று வீடியோக் கோலில் ஒரு மணித்தியாலம் விசாரிக்கிறோம். குழி எப்படிக் கட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, மேசன் பாஸ் வழக்கம்போல நாலு வளையத்தை இறக்கி மூடிவிடுகிறார். கேளுங்கள். அடியும் சுவரும் நீர் கசியாமல் கட்டிய, இரண்டு அறையுள்ள தாங்கி, அதிலிருந்து வெளியேறும் நீருக்கு வாழையும் மணிவாழையும் நட்ட சரளைக்கல் படுக்கை, சில வருடத்துக்கு ஒரு முறை பவுசரால் எடுத்தல். கூடுதல் செலவு அந்த மாபிளின் ஒரு மூலைக்கும் வராது. பவுசர் அந்தக் கழிவை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். இரவில் வாய்க்காலில் இறக்கினால் முழுக் கதையும் வீண். இது ஒரு வீட்டால் முடியாத வேலை, மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்டு வாங்க வேண்டிய வேலை. கடிதம் எழுதுவதில் நமது சங்கத்தை யாரும் மிஞ்ச முடியாது என்று பழைய அறிக்கைகளைப் புரட்டியபோது கண்டேன்.

வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தேடும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். காலில் சொறியோடும் எரிவோடும் கிளினிக்குக்கு வருவார்கள். பாசியும் சேறும் கூடிய மாதங்களில் இறாலும் குறைகிறது, சொறியும் கூடுகிறது என்பார்கள். மருந்து கொடுத்து, “தண்ணீருக்குள் இறங்காதீங்க அக்கா” என்று சொல்வது சுலபம். அன்றைக்கு அடுப்பு எரியாது. அந்தப் பெண்களின் பிள்ளைகளும் நமது கல்லூரியில்தான் படிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்காகவே அதிபரிடம் முன்கூட்டியே கதைத்துவிட்டேன். தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கும் விங்க்லர் முறை உயர்தர இரசாயனவியலில் இருக்கிறது. மங்கனீசு சல்பேற்று, பொற்றாசியம் அயடைட்டு, தயோசல்பேற்று, மாப்பொருள். எல்லாம் நமது ஆய்வுகூட அலுமாரியில் இருக்கக்கூடியவை. பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே மூன்று இடங்களில், விடியப்புறம் ஐந்து மணிக்கு ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். இரண்டு அளவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பாசி தின்று கொழுத்திருக்கிறது என்று அர்த்தம். முகத்துவாரம் திறந்த நாள், மூடிய நாள், வயலுக்குப் பசளை போட்ட வாரம் எல்லாம் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். ஐந்து வருடக் கொப்பி கையில் இருந்தால் கச்சேரிக் கூட்டத்தில் நமது பிள்ளைகளும் ஒரு கதிரை கேட்கலாம். நைத்திரேற்றுப் பரிசோதனைக்கான கீற்றுகளின் செலவை இந்த வருடம் எனது ‘பச்’ ஏற்றுக்கொள்கிறது. விடிய ஐந்து மணிக்குப் பிள்ளைகளோடு துறைக்குப் போக இரண்டு ஆசிரியைகளும், உயிர்காப்பு அங்கி பத்தும், நிதானமான ஒரு தோணிக்காரரும் தேவை. முதல் அளவை வரும் தை மாதத்தில். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள். றிப்போட் கொண்டு வந்தவர்களும் வரலாம், ஆனால் முதலில் பெயர்.